பிள்ளைகளோடு நடக்க: போர் கடந்துபோன யாழ்ப்பாண ஊர்கள்

கேள்வி, ஜூன் 11, 2025

ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து குடும்பமாக வருகிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. வானுக்குள் இருந்தபடி ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப விருப்பமில்லை. வயல், பனங்கூடல், ஒழுங்கை என்று நடந்து பார்க்க வேண்டும். போரைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டும் சேர்ந்த, சிறுவர்களுக்குத் தோதான நடைவழிகள் உண்டா? ஆனையிறவுக்குக் கூட்டிப்போய் அந்த புல்டோசரைக் காட்டினால் போதும் என்கிறார் மைத்துனர்.

ஜூன் 11, இரவு

புல்டோசரில் தொடங்காதீர்கள் தம்பி. 1991 ஜூலையில் புலிகள் இரும்புத் தகடு அடித்து ஆனையிறவு முகாமை நோக்கி ஓட்டிவந்த வண்டி அது. அதைத் தடுத்து இறந்த காமினி குலரத்ன என்ற சிப்பாயின் நினைவாக அரசு அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்ததும் "யார் வென்றது?" என்றுதான் கேட்கும். அந்தக் கேள்வியோடு தொடங்கினால் பிறகு எங்கே கூட்டிப்போனாலும் அதே கேள்விதான் வரும்.

சண்டை பிடித்தவர்களின் இடங்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் சனம் இருந்த இடங்களையும் சனம் நடந்த வழிகளையும் காட்டுங்கள். நான் ஊர்ப் பிள்ளைகளையும் வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடப்பவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் நடைக்கு மாவிட்டபுரத்திலிருந்து கீரிமலை. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை பஸ்ஸில் ஏறி மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலடியில் இறங்குங்கள். குதிரை முகம் கொண்ட இளவரசி கீரிமலையில் நீராடி முகம் மாறிய கதையை அங்கேயே சொல்லிவிட்டால், சிறியவன் நீங்கள் இழுக்காமலே கேணி வரைக்கும் நடப்பான். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பிப் போன பிறகு இந்தப் பக்கம் நெடுங்காலம் சனம் நுழைய முடியாத இராணுவ உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. காணிகளைத் துண்டு துண்டாகத்தான் விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் மீனவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில்.

வழியில் கூரையில்லாத வீடுகளைப் பார்ப்பீர்கள். சுவர் நிற்கும், நிலைக்கதவு இருக்காது, அறைக்குள் ஆலமரம் வளர்ந்திருக்கும். பக்கத்து வளவில் புதிதாகச் சாயம் பூசிய வீடும் வாசலில் சைக்கிளும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதுதான் இந்த நடையின் பாடம். நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வேலி, ஒழுங்கை, மரம் எல்லாம் போன இடத்தில் திரும்பி வந்தவர்கள் தங்கள் காணியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அடையாளம் சொன்னது கிணறுதான். கிணற்றை யாராலும் நகர்த்த முடியாது.

முடிவில் கேணியில் குளிப்பு. ஒரு மதிலுக்கு அப்பால் உப்புக் கடல், இப்பால் நன்னீர். 1990இல் குண்டுவீச்சில் சிதைந்து மறுபடி எழுந்த நகுலேஸ்வரம் கோயிலும் அருகில்தான்.

ஜூன் 12

எழுதாமல் விட்டவை. ஆகஸ்டில் காலை 6 மணிக்குக் கால் வைத்தால் 9 மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். சோளகக் காற்று வீசும்போது வெயில் தெரியாது, பிறகு தலையிடிதான் தெரியும். செருப்பு வேண்டாம், சப்பாத்து. நெருஞ்சி முள் உண்டு. நாய் உண்டு, ஓடினால்தான் துரத்தும். மாற்றுடுப்பை மறக்காதீர்கள், கேணியைக் கண்ட பிள்ளையைக் கரையில் நிறுத்தி வைக்க யாராலும் முடியாது.

ஜூன் 14

"முகமாலையில் இறங்கி நடக்கலாம், பழைய காவலரண்கள் இன்னும் இருக்கின்றன" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் விழுந்த பிறகு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் கழுத்துக்குக் குறுக்கே இரண்டு தரப்பும் முன்னரங்கு போட்டு 2008 நவம்பர் வரைக்கும் எதிரெதிரே கிடந்தன. அந்த ஆண்டுகள் முழுவதும் இரு பக்கமும் மிதிவெடி புதைத்தார்கள். ஹலோ ட்ரஸ்ட் போன்ற மிதிவெடி அகற்றும் நிறுவனங்கள் இன்னும் அங்கே மண்ணைச் சாண் சாணாகக் கிளறிக்கொண்டிருக்கின்றன. அந்த வேலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். முழங்காலில் குந்தி, முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்டு, வெயிலில் சிறு மண்வெட்டியால் சுரண்டுகிறார்கள். அதை ஏ9 வீதியால் போகும்போது வாகனத்திலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அவர்கள் பார்க்கவேண்டிய வேலை அது. ஆனால் இறங்கக் கூடாது. இயற்கை அழைப்புக்குக்கூடப் பற்றைக்குள் போகக் கூடாது. பளையில் நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த ஊரானாலும் பிள்ளைகளிடம் முதலில் சொல்லவேண்டியது மூன்று. மண்டையோட்டுப் பலகை நின்றால் அந்தப் பக்கம் இல்லை. துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடக் கூடாது, உதைக்கவும் கூடாது. கண்டால் வந்த அடியிலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடங்களில் இதைப் படம் போட்டுச் சொல்லித் தந்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பளபளப்பாகக் கிடப்பதைப் பொறுக்கும் பழக்கம் அவர்களுக்கு அதிகம்.

ஜூன் 15

இன்னொருவரின் கருத்து: "விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏன் சாவுக் கதை? ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்." ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுக்கலாம். இரண்டுக்கும் நாளில் நேரம் இருக்கிறது.

நாங்கள் இதை ஆறு வயதில், ஏழு வயதில் தெரிந்துகொண்டவர்கள் இல்லையா? சத்தத்தை வைத்தே வருவது ஹெலியா, பொம்மரா, சகடை என்று நாங்கள் சொன்ன விமானமா என்று பெரியவர்களுக்கு முன்னால் சொன்னது பிள்ளைகள்தான். அந்த வயதுப் பிள்ளைக்கு அனுபவிக்கும் பலம் இருந்தது என்றால், இன்றைய பிள்ளைக்குக் கேட்கும் பலம் இருக்கும். ஆனால் அளவு தெரிந்து சொல்ல வேண்டும். சிறியவனுக்குப் பதுங்கு குழி, ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. பெரியவளுக்கு, அவள் கேட்டால், நவாலி. 1995 ஜூலை 9ஆம் திகதி பீற்றர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே பெயர்கள் பொறித்த நினைவிடம் உண்டு. அதே ஆண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் இறந்தவர்கள் உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகள். அங்கே போகும் நாளில் வேறு எந்த இடத்தையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

ஜூன் 19

கேட்டிருந்தீர்கள், சனம் நடந்த வழி எது என்று.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் வலிகாமத்துக்குள் இறங்கியிருந்த நேரம். பொழுதுபடும் வேளையில் ஒலிபெருக்கி கட்டிய புலிகளின் வாகனங்கள் வந்து எல்லோரையும் பாலங்களுக்கு அப்பால் உள்ள தென்மராட்சிக்குப் போகச் சொல்லின. லட்சக்கணக்கானவர்கள் ஓரிரவில் இரண்டு வழியால் வெளியேறினார்கள். ஒன்று செம்மணி கடந்து நாவற்குழிப் பாலம். மற்றது கோப்பாயிலிருந்து கைதடிப் பாலம். மழை. சைக்கிளை உருட்டக்கூட இடமில்லாத நெரிசல். அரை மணியில் நடக்கும் தூரத்துக்கு ஓர் இரவு எடுத்தது.

நான் சிறுமி. அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி மாமா தள்ளினார். என் கையில் தந்தது கோழிக் கூடு. பின்னால் வந்த யாரோ ஒரு பெரியவர் என் தலைக்கு மேலே தன் குடையைப் பிடித்தபடி பாலம் முடியும்வரை வந்தார், அவரை நாங்கள் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. இந்தப் பகுதியைச் சொல்லும்போதுதான் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள். கோழிக்கு என்ன ஆனது? இரவில் எங்கே ஒன்றுக்குப் போனீர்கள்? குடை வைத்திருந்தவருடைய பிள்ளைகள் எங்கே? குண்டைப் பற்றி ஒரு கேள்வியும் வருவதில்லை.

நாவற்குழிப் பாலத்தில் இன்று பஸ்ஸும் லொறியும் பறக்கின்றன, பிள்ளைகளோடு நடக்க ஏற்றதல்ல. கோப்பாய்ப் பக்கத்தால் போங்கள். விடிந்ததும் இரண்டு பக்கமும் தண்ணீர், கொக்கு, வீச்சுவலைக்காரர்கள். வெளி தாண்டினால் கைதடிப் பனங்கூடல். வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் கிடுகு வேலி, தோட்டம், கிணற்றடி. அங்குள்ள பல வீடுகளில் அந்த மாதங்களில் ஐந்தாறு குடும்பங்கள் இருந்து சமைத்தன. வாசலில் நிற்கும் எந்த மூதாட்டியிடமும் கேட்டுப் பாருங்கள், உங்களை இருத்திவிட்டுத்தான் சொல்வார், தேநீரும் வரும். நேரத்தை அதற்கும் ஒதுக்குங்கள்.

பலர் கிளாலிக் கடலேறி வன்னிக்குப் போனார்கள். பலர் 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்திடம் போன பிறகு இதே வழியால் திரும்பி நடந்தார்கள். போன கதையைச் சொல்பவர்கள் திரும்பி வந்த கதையை விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அதையும் சொல்ல வேண்டும்.

ஜூன் 20

ஒக்டோபர் 30 என்று எழுதியதைப் பார்த்துப் புத்தளத்திலிருந்து ஒரு சகோதரி தனியாக எழுதியிருந்தார். அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன்: "அதே திகதியில், ஐந்து வருடம் முன்னால், எங்களையும் நடக்க வைத்தார்கள். அந்த வழியையும் யாராவது பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்களா?"

காட்டவேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். நகை, பணம், காணி உறுதி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். இது நம் பக்கத்தில் நடந்த கொடுமை. நம் பிள்ளைகளிடம் நாமே வாய் திறந்து சொல்லவேண்டிய ஒன்று.

கிராமத்து நடை இல்லைதான். ஆனாலும் அந்த முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவிலும் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் ஒரு மாலை நடங்கள். பள்ளிவாசல்கள் திருத்தப்பட்டிருக்கின்றன, திரும்பி வந்தவர்களின் கடைகள் இருக்கின்றன, ஆளில்லாத வீட்டு வளவுகளும் இருக்கின்றன. கீரிமலையில் பார்த்த அதே கூரையில்லாத வீடு இங்கேயும் நிற்கும். உங்கள் மகள் தானாகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பாள்.

ஜூன் 27

வேறு கதை. பதுங்கு குழி எங்காவது பார்க்கக் கிடைக்குமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றை மூடிவிட்டோம். வளவில் மண் தாழ்ந்து வாழை நன்றாக வளரும் இடம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அநேகமாக அது பங்கர் இருந்த இடம்தான். எங்கள் வீட்டில் "ட" வடிவில் வெட்டியிருந்தோம், வாசலில் விழும் ஷெல்லின் துண்டு உள்ளே நேராகப் பாயாமல் இருக்க. மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை.

சிலர் பனங்குற்றிக்குப் பதிலாகத் தண்டவாளம் போட்டார்கள். 1990இல் கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் நின்றது. பிறகு பாதையில் கிடந்த இரும்பும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குக் கூரையாகிவிட்டன. அதனால்தான் 2014 ஒக்டோபரில் ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வருவதற்கு முழுப் பாதையையும் புதிதாகப் போடவேண்டியிருந்தது. பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டிலில் நடுத்தூணாக இன்றும் நிற்பது ஒரு தண்டவாளத் துண்டு. மேல் விளிம்பு ரயில் சில்லு தேய்த்த வழுவழுப்போடு இருக்கிறது, மற்றப் பக்கமெல்லாம் கபில நிறத் துரு. நுனியில் ஆணி பூட்டுவதற்கான இரண்டு வட்ட ஓட்டைகள். கீழ் ஓட்டைக்குள்ளால்தான் மாட்டுக்கயிறு போகிறது. கயிறு உரசிய இடத்தில் மட்டும் துரு இல்லை. என் மகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்போ ரயில் வந்தால் மாடு விலகுமா?" என்று கேட்டாள். பெரியப்பா சிரித்ததில் பால் வாளி கவிழ்ந்தது.

ரயில் பற்றிச் சொல்லும்போது ஒன்று. நாவற்குழியிலோ கொடிகாமத்திலோ ஏறி ஆனையிறவு வரை போய் வாருங்கள். அந்த ஸ்டேஷனைக் கட்ட நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பணம் சேர்த்தார்கள். சுற்றிலும் உப்பளம், பறவைகள். புல்டோசரும் கிட்டத்தான், மைத்துனரின் ஆசையும் நிறைவேறும். அதற்குள் பிள்ளைகளுக்குக் கேட்க வேறு கேள்விகள் வந்திருக்கும்.

ஜூலை 6

கோட்டையும் நூலகமும் ஒரு மாலை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக விரித்தார்கள். 1990இல் உள்ளே இருந்த படையினரைப் புலிகள் மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள், செப்டெம்பரில் படை வெளியேறியது. 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் தரைமட்டமானது. மதிலில் முருகைக்கல்லைக் கிட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள், கல்லுக்குள் சிப்பியும் பவளமும் தெரியும், அதே கல்லில் சன்னம் பட்ட குழியும் தெரியும்.

பிறகு வீதியைக் கடந்தால் நூலகம். 1981 ஜூன் முதலாம் திகதிக்கு முந்திய இரவில் எரித்தார்கள், ஏறத்தாழ 97,000 நூல்கள், ஏட்டுச்சுவடிகள். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சேகரிப்பு அது. எரிவதைப் பார்த்த தாவீது அடிகள் அதே அதிர்ச்சியில் உயிர் விட்டார். இன்று சிறுவர் பகுதியில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள், வாசிப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல்.

இறந்த புலிப் போராளிகளைப் புதைத்த கோப்பாய் துயிலும் இல்லத்தை ஏன் சேர்க்கவில்லை என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். அந்தக் கல்லறைகளை இடித்து மேலே இராணுவத் தலைமையகம் கட்டியிருக்கிறார்கள். பார்க்க இருப்பது மதில்தான். மாவீரர் நாளான நவம்பர் 27இல் வீதியோரம் விளக்கேற்றும் பெற்றோரின் அருகில் பிள்ளைகளோடு நிற்க விரும்பினால் நில்லுங்கள். அதைச் சுற்றுலாவாக நினைத்து மட்டும் போகாதீர்கள். கமெரா வேண்டாம்.

செப்டெம்பர் 14

ரொறன்ரோத் தம்பி திரும்பிப் போய் எழுதியிருக்கிறார். மாவிட்டபுரம் நடை முடிந்தது, கைதடி முடிந்தது, கைதடியில் ஒரு அம்மா பனங்கட்டியும் பிளேன்டீயும் கொடுத்தாராம். ஒன்றில் மட்டும் திகைத்துவிட்டேன் என்கிறார்: செம்மணி வளைவைத் தாண்டும்போது, "செய்தியில் வந்த இடம் இதுவா?" என்று மகள் கேட்டாளாம்.

நான் அந்த இடத்தை எந்த நடையிலும் சேர்க்கவில்லை, இனியும் சேர்க்க மாட்டேன். 2025இல் செம்மணியிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டியதில் 200க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டிருக்கின்றன. அவற்றில் சிறு பிள்ளைகளும் உண்டு. நீல நிறப் பள்ளிப் பை ஒன்றும் இருந்தது. தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். அங்கே வேடிக்கை பார்க்கப் போக நமக்கு உரிமை இல்லை.

ஆனால் பிள்ளை கேட்டால் மறைக்காதீர்கள். "ஆம், இதுதான். காணாமல் போனவர்களைத் தேடுகிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க முயல்கிறார்கள்." பன்னிரண்டு வயதுக்கு அந்த அளவு போதும். மிகுதியை அவள் கேட்கும்போது சொல்லுங்கள், இன்று கேட்காவிட்டால் அடுத்த ஆண்டு கேட்பாள்.

வரிசையைப் பற்றி யோசித்தேன். அடுத்து வருபவர்கள் கைதடியை முதலிலும் மாவிட்டபுரத்தை இரண்டாவதாகவும் வைத்தால் நல்லது. ஊரைவிட்டுப் போன கதையைக் கேட்ட பிறகு வெறும் வீட்டைப் பார்க்கும்போது பிள்ளைக்கு அந்த வீட்டில் ஆட்கள் தெரிவார்கள்.

ஒக்டோபர் 4

மழைக்காலத்தில் வருபவர்களுக்கு: நவம்பரும் டிசம்பரும் வேண்டாம். ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும், கிணற்றுக் கட்டு எது நிலம் எது என்று தெரியாது. தையில் வாருங்கள். பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவைப் பார்த்துவிட்டு, மறுநாள் மணற்காட்டு மணல்மேடுகளில் ஏறி, மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயில் வரை நடக்கலாம். அங்கே போரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவேண்டாம். பிள்ளைகள் உருளட்டும்.

ஒக்டோபர் 9

முழங்கால் நோவுள்ள அப்பம்மாவும் வரவேண்டும் என்று அடம்பிடிக்கிறார், என்ன செய்வது என்று கேட்டவருக்கு: அவசியம் கூட்டிவாருங்கள், அவர் இல்லாமல் அந்த வழியில் பாதிக் கதை இல்லை. கோப்பாயிலிருந்து அவர் ஓட்டோவில் மெதுவாக முன்னே போகட்டும். ஓட்டோக்காரரிடம் முன்பே பேசி, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம், கைதடிப் பனங்கூடலில் ஒரு தரம் நிறுத்தச் சொல்லுங்கள். காத்திருப்புக்கும் சேர்த்துக் கூலியை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். மடக்குக் கதிரை ஒன்று, தண்ணீர், அவருடைய மருந்துப் பை. நிறுத்தும் இடத்தில் பிள்ளைகள் வந்து சேரும்வரை அவரைக் கதை சொல்லத் தொடங்க விடாதீர்கள். ஓட்டோக்காரரிடமே முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார்.